முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும்

வரிசையில் ஏழாவது ஆள் நான் என்று போன் சொல்கிறது. நான் என்றால் நான் இல்லை, மாரீஸ்வரன், வயது இருபத்து நான்கு, அது என் அண்ணன். அவன் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து டிவி ஸ்டாண்டில் முதுகைச் சாய்த்திருக்கிறான், ஸ்டாண்டின் மேல் ஊறுகாய் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறோம், போனுக்கு ஒரு முழம் கீழே அவன் தலை, நான் போனை மட்டும்தான் பார்க்க வேண்டும், கீழே பார்க்கக் கூடாது, கண் கீழே போனால் வீடியோவில் வருகிற ஆபீசர் பிடித்துவிடுவார் என்று நாலு தரம் சொல்லிவிட்டான். என் பெயர் சோலைராஜ், பதினேழு முடிந்து ஐந்து மாதம், ஆனால் இந்தப் போன் பேசி முடிகிற வரைக்கும் நான் மாரீஸ்வரன், பிறந்த தேதியை மனப்பாடம் பண்ணிவிட்டேன், அப்பா பெயர் இரண்டு பேருக்கும் ஒன்று, அது ஒரு நிம்மதி. ஃபேனை நிறுத்தியாயிற்று, சத்தம் போனுக்குள் போகும் என்று. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மணி மூன்றரை, சாத்தூர் வெயில், எனக்கு முதுகில் வேர்வை ஓடுகிறது, அவனுக்கு ஓடாது. தொடையில் எடுத்து முகத்தில் ஒட்டிய தோலுக்கு வேர்க்கத் தெரியாது என்று டாக்டர் சொன்னார். வேர்க்காவிட்டால் நல்லதுதானே என்று நான் அப்போது நினைத்தேன், மடையன். வேர்க்காத உடம்பு உள்ளுக்குள்ளேயே வேகும், பிறகு அரிக்கும், சொறியக் கூடாது, உள்ளங்கையால் தட்டிக்கொள்ளலாம், இப்போது கீழேயிருந்து அந்தச் சத்தம் வருகிறது, தட் தட் தட். எல்லாம் பதினாலு நாளுக்காக. குரல் கொடுக்கிறவர்களுக்கான ஆப் இது, இதற்குள் போனால்தான் பேசிப் பதிவு பண்ண முடியும், கதை வாசிக்கிற ஒரு கம்பெனி புதுக் குரல் தேடுகிறது, மாதிரியை இந்த ஆப் வழியாக மட்டும்தான் வாங்கிக்கொள்ளும், இன்று ஆறு மணியோடு கடைசி. முதல் பதினாலு நாள் இலவசம், அதுக்கு மேல் என்றால் எங்களால் ஆகாது, அதனால் இந்தப் பதினாலு நாள் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் அவன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். எட்டு மாதத்துக்குப் பிறகு இந்த வாரம்தான் அவன் சுவரிலிருந்து இங்கிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறான்.

ஏழு. இன்னும் ஏழுதான். காலையிலிருந்து இதே கூத்து. முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும் என்றது ஆப், வைத்தான். முகம் தெரியவில்லை, வெளிச்சமான இடத்துக்கு வரவும். ஜன்னலுக்குப் போனான். முகம் தெரியவில்லை, கண்ணாடி, தொப்பி, முகக்கவசம் அணிந்திருந்தால் அகற்றவும். தலையில் போட்டிருந்த துண்டை எடுத்தான். தெரியவில்லை. வாசலுக்கே போய்விட்டான், பதினோரு மணி வெயிலில், வெயில் அந்தத் தோலுக்கு ஆகவே ஆகாது, எதிர்வீட்டுப் பிள்ளை சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியது, அவன் அதைப் பார்க்காத மாதிரி வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வட்டம் சிவப்பு, சிவப்பு, சிவப்பு, திடீரென்று பச்சை. நானும் அம்மாவும் மூச்சைப் பிடித்தோம். அப்புறம் பார்த்தால் அவன் தோளுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த எலெக்சன் போஸ்டரில் கும்பிடு போட்டுக்கொண்டிருந்த ஆளின் முகத்தை அது பிடித்திருக்கிறது. அண்ணன்தான் முதலில் சிரித்தான். “டே, அவருக்கு வேணா பதினாலு நாள் குடுப்பாங்க போலடா, எலெக்சனுக்கு எலெக்சன் எல்லாம் ப்ரீம்பாரே.” நானும் சிரித்தேன், போஸ்டரைப் பார்த்துச் சிரித்தேன், அவனைப் பார்த்து இல்லை. மூன்று தரம் தப்பினால் ஆபீசர் ஒருவர் வீடியோவில் வந்து சரிபார்ப்பார் என்று போட்டிருந்தது, அவனே போய் உட்கார்ந்தான், சட்டை மாற்றி, தலைக்கு எண்ணெய் வைத்து, தலையில் முடி இருக்கிற பக்கமாகச் சீவி. ஒரு ஆம்பளை ஆபீசர் வந்தார். வணக்கம் சார் என்றார், அண்ணன் வணக்கம் என்றான். “சார், முதல்ல அந்த மாஸ்க்கைக் கழட்டிடுங்க.” அண்ணன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். “சார், கேக்குதா? முகத்துல போட்டிருக்கற மாஸ்க்.” “இது மாஸ்க் இல்ல சார்” என்றான் அண்ணன், திருவிழா மைக்கில் பேசுவானே அதே நிதானத்தில். அங்கிட்டு ஒரு நாற்காலி நகரும் சத்தம், பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது, நெட்வொர்க்கா, அந்த ஆள் வைத்தாரா, தெரியாது. நெட்வொர்க்தான் என்று நான் சொன்னேன். நெட்வொர்க்தான் என்று அம்மாவும் சொன்னாள். அவன் போனை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, நீ உக்காரு, என்றான். நீ என்னய மாதிரிதான இருக்க.

ஒருத்தருக்கு ஒரு தடவைதான் இலவசம், அதுக்காகத்தான் இவ்வளவு. நாலு நம்பர் வைத்துக்கொண்டு நாலு பெயரில் உள்ளே போகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பிடிக்கத்தான் முகம் கேட்கிறார்கள். அந்த ஆட்களில் ஒருத்தன் நான். படம் பார்க்கிற ஒரு ஆப்பில் அம்மா நம்பர், அண்ணன் நம்பர், பக்கத்து வீட்டு அத்தை நம்பர் என்று நாலு தரம் ப்ரீயாகப் பார்த்தவன், ஐந்தாவது தரத்துக்கு சித்தப்பா போனைக் கேட்டு உதை வாங்கினவன். என்னை மாதிரி களவாணிப் பயல்களால்தான் இந்த வட்டமே வந்தது, அதற்கு அண்ணன் வெயிலில் நிற்கிறான், இதை அவனிடம் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆறு. நகர்ந்துவிட்டது. அண்ணனுடைய ஆதாரில் இருக்கிற போட்டோ பதினெட்டு வயதில் எடுத்தது, அதைப் பார்த்தால் நான்தான், எங்கள் தெருவில் எல்லாரும் ஒரே அச்சு என்பார்கள், ஒரே வித்தியாசம் அவனுக்குப் புருவத்துக்கு மேல் ஒரு மச்சம், மிளகு அளவுக்கு. அம்மாவின் கண்மையை எடுத்து வைக்கச் சொன்னான். எந்தப் புருவம் என்பதில் சிக்கல். போட்டோவில் ஒரு பக்கம் தெரிகிறது, போன் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டுகிறது, அவர்களுக்கு எப்படித் தெரியும், திருப்பியா நேராகவா. நான் வலது என்றேன், அம்மா இடது என்றாள், பெற்றவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும், ஆனால் அவளும் உடனே இல்ல இரு என்று கையைத் தூக்கி அந்தரத்தில் அண்ணன் சின்னப் பிள்ளையாக நிற்கிற மாதிரி நினைத்துத் தடவிப் பார்த்தாள். “இங்கதான்மா இருந்துச்சு” என்று அண்ணன் தன் முகத்தில் விரலை வைத்தான். நான் விரலை மட்டும் பார்த்தேன். விரல் ஒரு இடத்தில் நின்றது, பிறகு அரை அங்குலம் நகர்ந்தது, பிறகு இன்னும் கொஞ்சம், புருவம் இல்லாத இடத்தில் புருவத்துக்கு மேல் என்றால் எங்கே என்று அதற்கே தெரியவில்லை. கடைசியில் இடது. வைத்துக்கொண்டு, தலையை அவன் சீவுகிற மாதிரி பக்கவாட்டில் சீவிக்கொண்டு, அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையில் நான் வந்து நின்றபோது அம்மா காலரை இழுத்துச் சரிசெய்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். சோறு கொதிக்கிறது என்று உள்ளே போனாள். சோறு வடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஐந்து, நாலு, சட்டென்று இரண்டு ஆட்கள் போய்விட்டார்கள், எரிச்சலில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். போன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்தது, இவ்வளவு நேரம் விளம்பரம் என்று நினைத்துப் படிக்கவில்லை, பள்ளிக்கூடத்திலும் கேள்வித்தாளை முழுசாகப் படிக்காமல் எழுதுகிறவன்தான் நான். இப்போது படித்தேன். அழைப்பின்போது உங்கள் முகமும் குரலும் ஒன்றாகப் பதிவு செய்யப்படும், அலுவலர் சொல்லும் வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கணக்கில் வேறு குரல் பயன்படுத்தினால் மாதிரிகள் நிராகரிக்கப்படும். சத்தமாகப் படித்தேன். கீழே தட் தட் நின்றுவிட்டது. முகத்துக்கு ஆள் போட்டோம், குரலுக்கு யார் ஆள் போடுவது. நான் பேசினால் என் குரல் அவன் கணக்கில் ஏறிவிடும், என் குரல் எப்படி இருக்கும் என்றால் பாதியில் கிறீச்சென்று உடையும், மிச்சம் பாதி சளி பிடித்த மாதிரி, அதற்குப் பிறகு அவன் பேசி அனுப்பினால் அவனைத்தான் திருடன் என்று தள்ளிவிடுவார்கள். எதற்காக உள்ளே போகிறோமோ அதுவே போய்விடும். “வச்சுரலாமாண்ணே” என்று கேட்டேன், போனைப் பார்த்துக்கொண்டே. அவன் யோசிப்பது மூச்சில் கேட்டது, மூக்கு வழியாக முழுசாக வராது அவனுக்கு, விசில் மாதிரி ஒன்று வரும். “வைக்காத. நான் பேசறேன். நீ வாய மட்டும் அசை.” “எப்படிண்ணே.” “எப்படின்னா, சினிமால பாடறவன் ஒருத்தன், வாயசைக்கறவன் ஒருத்தன், நீ என்ன அதுகூடப் பாத்ததில்லயா, நாலு நம்பர்ல படம் பாத்த பயதான நீ.” தெரிந்திருக்கிறது அவனுக்கு. அம்மாதான் சொல்லியிருப்பாள். “பயப்படாத. ஆபீசர் கேக்கறதுக்கு நான் பதில் சொல்லுவேன், நீ கூடவே அசை, சத்தம் மட்டும் வரக்கூடாது.” ஒத்திகை பார்த்தோம். அவன் மாரீஸ்வரன் என்றான், நான் வாயைத் திறந்து மூடினேன், அவன் முடித்த பிறகும் நான் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். “மீன் மாதிரி பண்ணாதடா” என்றாள் அம்மா வாசல்படியிலிருந்து. அவன் எப்போது ஆரம்பிப்பான், எங்கே நிறுத்துவான் என்று தெரிய வேண்டுமானால் அவன் உதட்டைப் பார்க்க வேண்டும். பார்க்கக் கூடாது என்று அவனே சொல்லியிருக்கிறான். நல்லதாகப் போயிற்று என்று எனக்குள் ஒரு பயல் சொன்னான்.

அந்தப் பயலை எனக்குத் தெரியும். எட்டு மாதமாக அவன்தான் எனக்குள் இருக்கிறான். சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பான், அண்ணனுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது காதைப் பார்ப்பான், காது ஒன்று நன்றாக இருக்கிறது. அண்ணன் பேசினால் அவன் கையைப் பார்த்துப் பதில் சொல்வான். அன்றைக்கு அந்தச் சத்தம் வந்தபோது நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் கடையில் இருந்தேன், பட்டாசு ஆலைகளைப் பயர் ஆபீஸ் என்கிற எங்கள் பக்கம் அந்த வெடிச் சத்தம் எல்லாருக்கும் பழக்கம், தூரத்தில் ஒரு கதவை அறைந்த மாதிரி, அடுத்த நிமிஷம் ஊரில் இருக்கிற எல்லா போனும் அடிக்கும், எந்த பயர் ஆபீஸ், எந்த ரூம் என்று. அண்ணனுடைய பயர் ஆபீஸ், வெடிமருந்து செலுத்துகிற ரூம், மூன்று பேர். ஆஸ்பத்திரியில் மூன்று கட்டிலில் மூன்று வெள்ளைத் துணிச் சுருள் கிடந்தது, கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டை. நர்ஸ் கையில் சீட்டு வைத்திருந்தது, இதுல மாரீஸ்வரன் யாரு, உங்க ஆள்தான, காட்டுங்க, பேர் எழுதணும். அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கண் தெரியவில்லை, அழுது அழுது. நான் நடுக்கட்டிலைக் காட்டினேன். அதுதான் என் அண்ணன் என்று சொன்னேன். ஏன் அதைக் காட்டினேன் என்றால் அந்த ஆள் நீளமாக இருந்தான், அண்ணனும் நீளம், அதைத் தவிர எனக்கு ஒரு காரணமும் இல்லை, தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, கூடப் பிறந்தவனைத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது. நர்ஸ் பெயர் எழுதியது. அம்மா அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு என் சாமி என் சாமி என்று அழுதாள், நானும் அழுதேன், நிஜமாகவே அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போது ஓரக்கட்டிலிலிருந்து கரகரவென்று, டே சோலை, நான் இங்கிட்டு இருக்கேன்டா, என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவு நேரம் அவன் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். நாங்கள் வேறொருத்தன் காலைப் பிடித்து அழுவதை, நான் விரலை நீட்டி இதுதான் என்று சொன்னதை. அந்த நடுக்கட்டில் ஆள் மறுநாள் செத்துப்போனார், அவர் பெண்டாட்டி வருவதற்கு முன்னால். அவருக்காக அழுதது நாங்கள்தான். அண்ணன் இதைப் பற்றி ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காலையில் அந்த ஆப், முகம் தெரியவில்லை, முகம் தெரியவில்லை என்று சொன்னபோதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சொல்கிற மாதிரியே இருந்தது, எனக்கும் தெரியவில்லைதான் என்று அதனிடம் சொல்ல வேண்டும்போல.

இரண்டு. பிறகு திரை கறுத்து, சுற்றி, மறுபடி வந்தபோது மூன்று. எப்படி மூன்று, இரண்டுதானே இருந்தது, யார் நடுவில் புகுந்தது. மணி நாலு பத்து. “என்னடா” என்றான். “நெட்டு போயிட்டு வந்துச்சுண்ணே. மூணு.” தட் தட் தட். ஃபேனைப் போடுகிறேன் என்று அம்மா எழுந்தாள், போடாத என்றான். கொஞ்ச நேரம்தானப்பா, ஆள் வரும்போது நிறுத்திக்கலாம். போடாதம்மா. ஈரத் துண்டு கொண்டுவந்து அவன் பின்கழுத்தில் போட்டாள், கண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோகாமலே எனக்கு அது தெரிகிறது, பார்க்காமலே ஒருத்தனைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ள நான் பழகிவிட்டேன். நான் படிப்பை விட்டது அவனுக்காக என்று ஊரில் பேச்சு. பாவம், அண்ணன் இப்படி ஆனதும் பையன் பள்ளிக்கூடத்தை விட்டுட்டான் என்று. அதெல்லாம் இல்லை. நான் விட்டது அதற்கு ஒரு மாதம் முன்னால், பதினொன்றாம் வகுப்பில், கணக்கு வரவில்லை, வாத்தியாரைப் பிடிக்கவில்லை, போகவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் அண்ணன் என்னை எழுப்பி, சரி, போகாட்டி போகாத, ஆனா பயர் ஆபீஸ் பக்கம் மட்டும் வந்துராத, வந்தா காலை ஒடிச்சிருவேன் என்றான். அவன் என்ன வேலை செய்கிறான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் ஆசை முழுக்க மைக்கில்தான். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயில் திருவிழாவில் அவன்தான் மைக்கில் பேசுவான், ஆற்றுக்குள்ளே கூட்டம் நெரியும், மஞ்சச் சட்டை போட்ட மூணு வயசுப் பையன், பேரு சொல்லத் தெரியல, கையில ஒரு பலூன் வச்சிருக்கான், பெத்தவங்க மைக் செட்டுக்கு வாங்க என்பான், அவன் சொல்கிற விதத்தில் பெற்றவர்கள் பதறாமல் நடந்து வருவார்கள். அப்படி வந்த ஒரு தாய் ஒருதரம் சொன்னது, நீங்க சொன்னப்பவே பிள்ள கிடைச்ச மாதிரி இருந்துச்சுப்பா. அந்தக் குரலுக்குப் புகையால் ஒரு மாதம் கரகரப்பு இருந்தது, பிறகு அப்படியே வந்துவிட்டது. அவனிடம் பழையபடி இருக்கிறது அது ஒன்றுதான், அதையும் இன்றைக்கு ஆறு மணிக்குள் என் வாயை வைத்து நிரூபிக்க வேண்டும். மச்சம் வேர்வையில் கரைந்திருக்குமா. தொட்டுப் பார்க்கலாமா, தொட்டால் அழிந்துவிடும். இடது என்று அம்மா சொன்னது சரிதானா. வலதாக இருந்தால். ஒன்று. ஒன்று என்று வந்துவிட்டது. “ஒண்ணுண்ணே.” “ம். நேராப் பாரு. கீழ பாக்காத.”

டிங் என்றது. பொம்பளை ஆபீசர், முப்பது வயதிருக்கும், காதில் பெரிய ஹெட்போன், பின்னால் வெறும் நீலத் திரை. “வணக்கம் சார், அடையாளச் சரிபார்ப்புக்காகப் பேசறேன், என் குரல் கேக்குதா.” கேக்குது மேடம் என்றது கீழேயிருந்து, நான் வாயை அசைத்தேன், கொஞ்சம் பிந்தி. “சார், உங்க வீடியோ கொஞ்சம் லேட்டா வருது, நெட்வொர்க் ஸ்லோவா இருக்கு போல, பரவால்ல.” காலையில் கெடுத்த நெட்வொர்க் இப்போது காப்பாற்றுகிறது. பெயர் கேட்டாள், சொன்னான், அசைத்தேன். பிறந்த தேதி, சொன்னான், அசைத்தேன், இந்தத் தடவை ஒன்றாகவே முடித்தோம். “இதுக்கு முன்னாடி நம்ம ஆப்ல இலவசச் சோதனை எடுத்திருக்கீங்களா சார்.” “இல்ல மேடம்.” “வேற நம்பர்ல, வேற பேர்ல?” “இல்ல மேடம்.” இதற்கு மட்டும் என் வாய் தானாகவே இறுகியது, நான்தானே வேறு நம்பரில் வேறு பேரில் போகிறவன், கண் துடித்தது, அவள் பார்த்திருக்க மாட்டாள். தலையை இடது பக்கம் திருப்பச் சொன்னாள், திருப்பினேன், வலது பக்கம், திருப்பினேன், அடுப்படி வாசலில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. “போட்டோல மச்சம் ஒண்ணு இருக்கே, ம், இருக்கு, சரி.” சரி என்று சொல்லிவிட்டாள். அம்மா சொன்னது சரி. கீழே அவன் மூச்சை விட்ட விசில் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, இவ்வளவுதானா, காலையிலிருந்து இவ்வளவுதானா, ஒரு அழகான பயல் வந்து உட்கார்ந்தால் சரி என்று சொல்லிவிடுகிறார்கள், அந்தச் சிரிப்புக்குக் கீழே வேறு ஏதோ ஒன்று கசப்பாக ஏறியது, அவள் சரி என்று சொன்னது யாரை. ஆதாரில் இருக்கிறவனை, அவன் இப்போது எங்கும் இல்லை. “கடைசியா ஒண்ணு சார். நான் சொல்ற மூணு வரிய அப்படியே திருப்பிச் சொல்லணும், கேமராவப் பாத்து, நிறுத்தி நிதானமா. குரல் பதிவுக்காக. இந்தக் குரல் என்னுடையது. இந்தக் கணக்கை நான் மட்டுமே பயன்படுத்துவேன். இலவசச் சோதனையை இதற்கு முன் நான் பெற்றதில்லை. சொல்லுங்க சார்.”

அவன் தொண்டையைச் செருமினான், நானும் செருமுகிற மாதிரி தோளைக் குலுக்கினேன். எப்போது ஆரம்பிக்கப் போகிறான். பெயருக்கு ஒரு சொல், தேதிக்கு மூன்று சொல், அதையெல்லாம் குருட்டாம்போக்கில் அசைத்துவிட்டேன், மூன்று வரியை எப்படி அசைப்பது, அவன் எங்கே நிறுத்துவான், எங்கே இழுப்பான், அவன் எழுத்தை எழுத்தாகப் பேசுகிறவன் இல்லையே, ஒரு சொல்லைத் தூக்கி வைத்துவிட்டு நிற்பான், கூட்டம் அந்த இடத்தில் திரும்பும், அந்த இடம் எது. பிந்தினால் நெட்வொர்க் என்பாள், முந்தினால் என்ன சொல்வாள். “இந்தக் குரல்” என்று ஆரம்பித்துவிட்டான், நான் விட்டுவிட்டேன், பிடிக்க வேண்டும், எங்கே இருக்கிறான் என்று உதட்டைப் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்று கண் கீழே போய்விட்டது. ஒரு நொடிக்குத்தான் போனது. போனது திரும்பி வரவில்லை. அவன் கண்ணை மூடியிருந்தான். இழுத்துத் தைத்த கீழுதடு, பாதி மூக்கு, கன்னத்தில் ஒட்டுப்போட்ட இடத்தில் கோடு, அந்தக் கோடு பேசும்போது நகர்ந்து நகர்ந்து மடிந்தது, உதடு சேர வேண்டிய எழுத்துக்கு, உதடு சேராததால், அவன் நாக்கை வேறு எங்கேயோ கொண்டுபோய் வைத்து அந்தச் சத்தத்தை உண்டாக்கினான், மேலுதட்டின் உள்பக்கத்தில், எங்கே என்று நான் பார்த்தேன், ஒவ்வொரு பகரத்துக்கும் மகரத்துக்கும் அவன் அங்கே போய்த் தட்டித் தூக்கிக்கொண்டு வந்தான், இதை எப்போது கற்றுக்கொண்டான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எட்டு மாதம் என்ன பண்ணினான் என்று நான் நினைத்தேன். பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய், இருந்தது, முதல் வரி முடிகிற வரை இருந்தது. பிறகு பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான். கண் அவனுடையது, மூடியிருந்தாலும் அவனுடையது. “இதற்கு முன்,” நிறுத்தினான், “நான் பெற்றதில்லை.” வீடு முழுக்க அந்தக் குரல் நின்றது. என் வாய் மூடியிருந்தது. மூடியே இருந்திருக்கிறது, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும், நான் ஒரு எழுத்துக்கூட அசைக்கவில்லை.

“சார்” என்றாள் அந்தப் பொம்பளை. நான் நிமிரவில்லை. “சார், நீங்க வாயே தெறக்கல.” அண்ணன் கண்ணைத் திறந்தான். திறந்ததும் அவன் முதலில் பார்த்தது என்னை, நான் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பதை. என்ன நினைத்தான் என்று தெரியாது, அந்த முகத்தில் என்ன நினைக்கிறான் என்பதைப் படிக்க நான் இன்னும் பழகவில்லை, இப்போதுதானே பார்க்கிறேன். தலையில் போட்டுக்கொள்ளத் துண்டைத் தேடி அவன் கை பின்கழுத்துக்குப் போனது. “நெட்வொர்க் இல்ல சார் இது, நான் பாத்துட்டுதான் இருந்தேன். பேசினது யாரு. உங்க கூட யாரோ இருக்காங்க.” அவள் கோபமாகச் சொல்கிறாளா, சும்மா கேட்கிறாளா, ஹெட்போன் போட்டவர்கள் குரலில் அது தெரிவதில்லை. அம்மா ஐயோ என்று சொன்னது கேட்டது, இல்லை, சொல்ல வந்து நிறுத்தியது கேட்டது. “சார், பேசினவங்க அங்க இருந்தா கேமராக்கு முன்னாடி வரச் சொல்லுங்க. அவங்களத்தான் நான் பாக்கணும்.” மணி நாலு இருபத்தைந்து. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மறுபடி வரிசையில் நிற்கலாம், வேறு ஆபீசர் வரலாம், இன்னும் நன்றாக ஒத்திகை பார்க்கலாம், அப்படியும் ஒன்று ஓடியது மண்டைக்குள். காலையில் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்துபோன அந்த ஆளும் ஞாபகத்துக்கு வந்தான், இவளும் அப்படிப் போய்விட்டால். போனால் அண்ணன் இனி எவனுக்கு முன்னாலும் உட்காரமாட்டான், அது எனக்குத் தெரியும், இந்தப் பதினாலு நாள் மட்டும் இல்லை, எல்லாம் முடிந்தது. “கட் பண்ணுடா” என்றான் அண்ணன். அடிக்குரலில் சொன்னான், துண்டைப் பாதி முகத்துக்கு இழுத்துக்கொண்டு. சிவப்புப் பொத்தான் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் மின்னிக்கொண்டிருந்தது, நான் கையை நீட்டினேன், நீட்டிய கை பொத்தானுக்குப் போகாமல் போனுக்குப் பின்னால் போய், போன் சரிந்துவிடாதபடி ஊறுகாய் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது. “டே சோலை, கட் பண்ணு, சொல்றேன்ல.” நான் கட் பண்ணவில்லை.